இழையும் பணியும்

தமிழில் சில சொற்கள் நம் முன்னோரின் வாழ்க்கையை ஏட்டுச்சுவடிகளைக் காட்டிலும் தெளிவாக எடுத்துரைக்கின்றன. 'இழை' என்பது அத்தகைய ஒரு சொல். நூலின் ஒற்றைப் புரியை இழை என்கிறோம். அணிகலனுக்கும் அதுவே பெயர். ஆயிழை, சேயிழை, நேரிழை என்றெல்லாம் பழைய புலவர்கள் பெண்ணை அழைத்தபோது அவள் பூண்டிருந்த அணியையே சுட்டினார்கள். 'பணி' என்னும் சொல்லும் இவ்வாறே இரு பொருள் உடையது. செய்யும் வேலையும் பணி. அணியும் நகையும் பணி. நூலுக்கும் நகைக்கும், நகைக்கும் உழைப்புக்கும் நடுவே வேலி எழும்பாத காலம் ஒன்று இருந்தது என்பதற்கு நம் மொழியே சான்றாக நிற்கிறது.

வீட்டுக் கணக்கிலோ இவை எப்போதோ பிரிந்துவிட்டன. பொன்னுக்கு எடை உண்டு. பழம்பொன்னை உருக்கிப் புது நகை செய்பவரின் கைக்குச் 'செய்கூலி' என்னும் பெயரும் விலையும் உண்டு. நூலைப் பின்னி அணி செய்யும் பெண்ணின் கைக்கு அப்படியொரு பெயர் ஏற்படவே இல்லை. பழைய நகை புதிதாகும் வரலாற்றை நம் கிழக்குக் கரையிலிருந்து தொடங்கி நோக்கினால், இந்தப் பிரிவு எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதும் ஓரளவு விளங்கும்.

தொண்டித் துறை

ஓரியூர்த் திருத்தலத்துக்குச் செல்லும் நம் வாசகர் பலர் தொண்டியை அறிவர். இராமநாதபுரம் மாவட்டத்தின் வடபகுதியில், பாக் விரிகுடாவை நோக்கி அமைந்த பழந்துறை அது. மேற்குக் கரையில் சேரருக்குரிய தொண்டி ஒன்றும் இருந்தது. யவனர் 'திண்டிஸ்' என்று குறித்தது அதனையே. நாம் பேசுவது பாண்டியர் கரையில் உள்ள தொண்டியைப் பற்றி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, தொண்டியோர் கப்பல்களில் இட்டு அனுப்பிய பொருள்கள் கீழ்க்காற்றோடு வந்து மதுரையைச் சேர்ந்ததைச் சொல்கிறது. அகில், சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றோடு துகிலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே இத்துறை மணப்பொருளுக்கு மட்டுமன்றி நூலுக்கும் வாயிலாக இருந்தது எனலாம்.

கடலை விட்டு உள்நாட்டுக்குச் சென்றால் வைகைக் கரையில் கீழடி இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அகழாய்வு அறிக்கை, அங்கே பொன் அணிகளின் துண்டுகளும், மணிகளும், சங்கு வளையல்களும், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்ததைத் தெரிவித்தது. பொன் அணிந்த கைகளும் நூல் நூற்ற கைகளும் ஒரே ஊரில் வாழ்ந்தன. ஒருவேளை அவை ஒரே கைகளாகவும் இருந்திருக்கலாம். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகேயுள்ள அழகன்குளத்திலும் சங்கு வளையல் துண்டுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன.

சங்கறுக்கும் தொழிலைச் சங்கப் பாடல்கள் அறிந்திருந்தன. ஆனால் பிற்காலத்தில் அத்தொழில் இக்கரையிலிருந்து மறைந்தது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியச் சங்கைப் பற்றி 1914-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், கொற்கைப் பகுதியில் பழைய சங்கறுப்புப் பட்டறைகளின் எச்சங்களைக் கண்டதை விவரித்திருக்கிறார். அவர் காலத்தில் நம் கடலில் முக்குளித்து எடுத்த சங்குகள் கப்பலேறி வங்கத்துக்குச் சென்றன. அங்கே அறுத்து, தேய்த்து, செதுக்கப்பட்டு மணப்பெண்ணின் கைவளையாயின. உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கி மூழ்கியவரின் கையில் நின்றது மூலப்பொருளின் விலை மட்டுமே. தெற்கே மன்னார் வளைகுடாவின் முத்தும் பெரும்பாலும் வேற்றூர்ப் பட்டறைகளிலேயே அணியாயிற்று. 1961-க்குப் பின் அந்த முத்துக்குளிப்பும் நின்றுபோனது.

இதிலிருந்து ஓர் உண்மையைக் குறித்துக்கொள்வோம். ஓர் அணியின் மதிப்பில் பொருள் ஒரு பங்கு. கைத்திறன் ஒரு பங்கு. கைத்திறன் எந்த ஊரை விட்டுப் போகிறதோ, அந்த ஊர் தன் செல்வத்தில் பாதியைப் பறிகொடுக்கிறது.

தீயின் வழி

பழைய நகை புதிதாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தீ, மற்றொன்று நூல். நமக்கு மிகவும் பழக்கமானது தீயின் வழியே. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நம் பாட்டிமார் அணிந்த பாம்படம்.

இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் சாதி, சமய வேறுபாடு பெரிதும் இன்றிப் பெண்கள் காது வளர்த்தார்கள். சிறு பெண்ணின் காதைக் குத்தி, துளையில் பஞ்சுத் திரியையும் ஓலைச் சுருளையும் செருகி, பின்னர் ஈயத்தால் ஆன குணுக்கை மாட்டுவர். அதன் கனம் காதுமடலை இழுத்துத் தோள்வரை தொங்கச் செய்யும். அவ்வாறு வளர்ந்த காதில் பாம்படம், தண்டட்டி முதலியவை ஏறும். எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இவ்வழக்கம் பதிவாகியுள்ளது.

பாம்படம் பார்வைக்குக் கனத்த பொன்கட்டி போலத் தோன்றும். உண்மையில் மெல்லிய பொன் தகட்டை மடித்து, உருண்டையும் சதுரமுமாக இணைத்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்த அணி அது. குறைந்த பொன்னில் நிறைந்த தோற்றம் தரும் அந்த வேலைப்பாடு தட்டாரின் அறிவுக்குச் சான்று. ஏழைக் குடும்பமும் கூடுமானவரை தன் பெண்ணின் காதில் ஒரு சேமிப்பை ஏற்றிவைக்க இது உதவியது. மழை பொய்க்கும் சீமையில், வயலும் மாடும் கைவிட்ட ஆண்டுகளில், காதில் தொங்கிய அந்தச் சேமிப்பு குடும்பத்தைக் காத்தது.

இருபதாம் நூற்றாண்டில் காலம் மாறியது. காது வளர்ப்பது நாகரிகமன்று என்ற எண்ணம் பள்ளிக்கூடத்தோடும் நகரத்தோடும் வந்தது. வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்கள் பலர். கழற்றிய பாம்படம் தட்டாரின் பட்டறைக்குச் சென்றது. அங்கே தகட்டைப் பிரித்து, அரக்கை உருக்கி வெளியேற்றி, எஞ்சிய பொன்னை வெங்காரத்தோடு மூசையில் இட்டு ஊதுவார்கள். பாட்டியின் பாம்படம் பேத்தியின் சங்கிலியாகவோ கம்மலாகவோ பிறக்கும். அரக்கின் கனத்தையும் பொன்னென்று எண்ணியிருந்த குடும்பம், தராசில் நின்ற எடையைக் கண்டு திகைப்பதும் உண்டு.

இந்த மாற்றத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கணக்குச் சொல் இருந்தது. பொன்னின் தரத்துக்கு 'மாற்று' என்று பெயர். அதனைக் காட்ட உரைகல். உருக்கும்போதும் அராவும்போதும் குறைவதற்குச் 'சேதாரம்' என்று பெயர். செய்பவரின் உழைப்புக்குச் 'செய்கூலி' என்று பெயர். இவற்றைக் குறித்துப் பேரம் நடந்தது, சச்சரவும் நடந்தது. பேரம் பேசப்படும் உழைப்பு கண்ணுக்குத் தெரிகின்ற உழைப்பு என்பதை நாம் மறக்கலாகாது. 1963-ஆம் ஆண்டு சனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்து, புதிய நகை 14 காரட்டுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று ஆணையிட்டபோது, நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் வேலையிழந்து தவித்தன. அவர்களது துயரம் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது; நாளேடுகளில் எழுதப்பட்டது. 1968-இல் தனிச் சட்டமாகவே ஆன அக்கட்டுப்பாடு 1990-இல் நீக்கப்பட்டது. பொன் வேலை ஒரு தொழில் என்று எல்லாரும் ஏற்றிருந்ததால்தான் அதன் வீழ்ச்சி செய்தியாயிற்று.

தீயின் வழியில் குறைகள் இரண்டு. முதலாவது, உருகிய பொன்னில் பழைய அணியின் உருவம் மிஞ்சுவதில்லை. எவர் அணிந்தது, எந்த ஊர்த் தட்டார் செய்தது என்பனவெல்லாம் மூசையிலேயே முடிந்துவிடுகின்றன. இரண்டாவது, தீ உலோகத்தை மட்டுமே மதிக்கிறது. பழைய நகையை மாற்றக் கொடுக்கும்போது கல்லின் எடையையும் மணியின் எடையையும் கழித்துவிடுவது வழக்கம். பெயர்த்தெடுத்த சிவப்புக் கல்லும், பவளமும், சிறு முத்தும் ஒரு காகிதப் பொட்டலத்தில் வீடு திரும்பும். பட்டுச் சேலையின் கதையும் இதுவே. நைந்த பட்டை வாங்கிச் செல்பவர் சரிகையில் உள்ள வெள்ளிக்காகவே அதனை வாங்குகிறார். நெருப்பில் இட்டதும் நெசவாளர் பல நாள் நெய்த நூல் சாம்பலாகிறது. வெள்ளி மட்டும் எடைக்கு வருகிறது.

நூலின் வழி

எடைக்கு வராத அந்த நூல் வேறொரு சீமையில் பெண்களின் தலைவிதியையே மாற்றியது. அதனை அறியத் தென்கோடிக்குச் செல்ல வேண்டும்.

இலண்டன் மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் துணைவியார் மார்த்தா மால்ட்டும் 1819-இன் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. மார்த்தா அம்மையார் பெண்களுக்கென விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1821-இல் அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை அது.

அப்பெண்களில் பலர் எத்தகைய நிலையில் இருந்தவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதிகளின் பெண்கள் மேலாடை அணியத் தடை இருந்தது. பொன் அணியவும் தடை இருந்தது. அடிமைகளாக விற்கவும் வாங்கவும் பட்டவர்கள் அவர்களிடையே இருந்தனர். பொன்னிழை மறுக்கப்பட்ட அப்பெண்களின் கையில் பருத்தி இழை கொடுக்கப்பட்டது. அவர்கள் பின்னிய லேஸ் ஐரோப்பியர் வீடுகளில் விலைபோனது. அந்த வருவாயைக் கொண்டு தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முற்றாக ஒழித்தது 1855-இல். மேலாடைக்கான போராட்டத்தின் முடிவில் நாடார் பெண்களுக்கு உரிமை வழங்கும் அரசாணை வெளிவந்தது 1859-இல். அரசு அசைவதற்கு முன்பே சில பெண்கள் நூலைக் கொண்டு தங்கள் கட்டை அறுத்துக்கொண்டார்கள் என்பது வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத் தக்கது.

அணிகலனே அடிமைச் சின்னமாக இருந்ததும் உண்டு. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்மாலை மட்டுமே அணிய வேண்டும் என்பது மேல்சாதியாரின் கட்டாயம். 1915-ஆம் ஆண்டில் கொல்லம் பகுதியில் அய்யன்காளியின் அழைப்பை ஏற்று அப்பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். தான் அணிவது எது என்று தானே முடிவு செய்வது, விடுதலையின் ஒரு கூறு அல்லவா?

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா, 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். தாயிடம் கற்ற கலையை அத்தேரிக்காட்டுப் பெண்களுக்கும் கற்பித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் இப்பணி முளகுமூட்டில் வேரூன்றியது. பெல்ஜியம் நாட்டு அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர் 1897 நவம்பரில் அங்கு வந்து, ஆதரவற்ற சிறுமியரின் இல்லத்தை ஏற்றார். பின்னாளில் மரியாவின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரிகள் சபையாக வளர்ந்தது அவர் தொடங்கிய குழுவே. லேஸுக்குப் புகழ்பெற்ற நாட்டிலிருந்து வந்த அச்சகோதரிகளின் இல்லத்தில் பின்னலும் பூவேலையும் சிறந்து விளங்கின. பீடத் துகிலின் விளிம்பிலும் குருக்களின் வெள்ளங்கியிலும் அக்கைகளின் வேலை ஏறியது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாட்டு உடைகள் எளிமை பெற்றன. இயந்திரப் பின்னலும் மலிவாகக் கிடைத்தது. கைப்பின்னலின் தேவை குறைந்தது.

நூலிலும் பழையது புதிதாவதுண்டு. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சக் காலத்தில், யூகல் நகரின் காணிக்கை மாதா கன்னியர் மடத்தில் அன்னை மேரி ஆன் ஸ்மித் என்பவர் பழைய இத்தாலிய லேஸ் துண்டு ஒன்றை இழை இழையாகப் பிரித்து, அது செய்யப்பட்ட விதத்தைக் கண்டறிந்தார். கற்றதைப் பசித்த குடும்பங்களின் பெண்களுக்குக் கற்பித்தார். அதே சபையின் சகோதரிகள் 1842-லேயே சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கியிருந்தனர் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. பழையதைப் பிரித்தபோதும் அதன் அறிவு அழியவில்லை. பிரித்ததனாலேயே அது பலர் கைக்குச் சென்றது.

ஓடம் என்னும் கருவி

இனி, பழைய நகையையும் நூலையும் நேரடியாக இணைக்கும் ஒரு பின்னலைப் பார்ப்போம். அதன் பெயர் டாட்டிங். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் அச்சு நூல்களின் வழியே பரவி, நம் நாட்டுக் கன்னியர் மடப் பள்ளிகளின் தையல் வகுப்புகளுக்கும் குரோஷாவோடு சேர்ந்து வந்த கலை அது. குரோஷாவுக்குக் கொக்கி ஊசி வேண்டும். டாட்டிங்குக்கு வேண்டியது கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிறு கருவி. இரு முனையும் கூர்ந்து, நடுவே நூல் சுற்றியிருக்கும். அதன் வடிவைக் கண்ட ஜெர்மானியர் இப்பின்னலுக்குச் 'சிறு படகு வேலை' என்று பொருள்படும் பெயரை இட்டனர். தமிழிலும் தறியில் ஓடும் கருவிக்கு 'ஓடம்' என்ற பெயர் உண்டு. கடலில் செல்வதும் ஓடம். நூலின் இடையே செல்வதும் ஓடம்.

வேறொரு பெயரில் இதனை 'கண்கள்' என்று பொருள்படும் 'ஒக்கி' என்னும் இத்தாலியச் சொல்லால் அழைப்பர். வலையின் துளையை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்? மாலுமிகளும் வலைஞரும் இட்ட முடிச்சுகளிலிருந்தே இக்கலை பிறந்தது என்று கருதுவோர் உண்டு. தொண்டிக் கரையில் வலை ஊசியில் நூலைச் சுற்றி, கண்ணுக்குக் கண் அளவு பிசகாமல் முடிச்சிட்ட கைகளுக்கு இது அந்நியக் கலையாகத் தோன்றாது. இயந்திரத்தில் பின்னிய நைலான் வலைகள் வந்தபின் புதுவலையைக் கையால் பின்னுவது அரிதாயிற்று. கிழிந்த வலையைச் சீர்செய்யும் முடிச்சு மட்டும் இன்னும் தேவையாக இருக்கிறது.

டாட்டிங்கின் நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். இடக்கை விரல்களில் நூலை வளையமாகச் சுற்றி, வலக்கை ஓடத்தை அதன் கீழும் மேலுமாகச் செலுத்துகிறோம். முதலில் ஓட நூல் கைநூலைச் சுற்றும். ஓட நூலை விறைப்பாக இழுத்துக் கைநூலைத் தளர்த்தினால், சுற்று இடம் மாறிக் கைநூல் ஓட நூலைச் சுற்றிக்கொள்ளும். இவ்வாறு எதிரெதிர்த் திசைகளில் இட்ட இரு அரை முடிச்சுகள் சேர்ந்தால் ஒரு முழு முடிச்சு. முடிச்சுகள் சேர்ந்தபின் ஓட நூலை இழுத்தால் வளையம் மூடிக்கொண்டு ஓர் இதழாகிறது. முடிச்சுகளுக்கு இடையே சிறிது நூலைத் தளரவிட்டால் அது ஒரு சிறு கண்ணியாகும். அடுத்த இதழை இணைப்பது அக்கண்ணியில்தான். குரோஷாவை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்துவிடும். டாட்டிங் அவ்வாறு பிரியாது. ஒவ்வொரு முடிச்சும் தன் இடத்தில் தானே நிற்கும்.

தீ கழித்து ஒதுக்கிய பொருள்களுக்கு இங்கே இடம் கிடைக்கிறது. அறுந்த மாலையின் பவளங்களையும் முத்துகளையும் முன்கூட்டியே நூலில் கோத்துக்கொண்டு, உரிய இடம் வரும்போது ஒவ்வொன்றாகத் தள்ளி முடிச்சுகளுக்கு இடையே அமர்த்தலாம். துணையிழந்த ஒற்றைத் தோட்டின் வளையத்தில் கண்ணியை நுழைத்து அதனைப் பதக்கமாக்கலாம். துளையில்லாத கல்லாயின், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு பின்னல் வட்டங்கள் செய்து, நடுவே கல்லை வைத்து விளிம்புகளை இணைத்துவிடலாம். திருகு போன கம்மல், கொக்கி உடைந்த வளையம், கழுத்துக்குப் போதாத சங்கிலித் துண்டு ஆகிய எல்லாம் தம் உருவம் அழியாமல் புதிய அணியில் சேர்கின்றன. சேதாரம் என்பது இங்கே இல்லை. பாட்டியின் தோடு பாட்டியின் தோடாகவே இருக்கிறது. பேத்தியின் நூல் அதனைத் தாங்குகிறது. விரும்பினால் நூலைக் கத்தரித்து அதனை மீட்டுக்கொள்ளவும் முடியும்.

எழுதப்படாத கணக்கு

இத்தனை சிறப்புடைய பின்னலுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயர் 'அற்பம்' என்றே பொருள்படும். இத்தாலியில் இதற்கு வழங்கும் மற்றொரு பெயரோ வம்புப் பேச்சைச் சுட்டுகிறது. பெண்கள் பேசிக்கொண்டே செய்யும் வேலை ஆதலால் அது பொழுதுபோக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். விளையாட்டாக இட்ட பெயர்கள்தாம். ஆயினும் பெயரில் உள்ள விளையாட்டு கூலியில் வினையாகிறது.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ், ஆந்திரத்தின் நர்சாப்பூர் பகுதியில் குரோஷா லேஸ் பின்னும் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்கள் பின்னிய லேஸ் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. வணிகர்கள் செல்வர் ஆயினர். பின்னியவர்களோ இல்லத்தரசிகள் என்றும், அவர்களது உழைப்பு ஓய்வு நேர வேலை என்றும் கருதப்பட்டதால், கிடைத்த கூலி மிகக் குறைவாகவே இருந்தது. உழைப்பாளர் என்ற பெயரே மறுக்கப்பட்டதால் உரிமை கேட்கவும் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பொற்கொல்லர் வேலையிழந்தபோது நாடு பேசியது. பின்னல்காரப் பெண் கூலியிழந்தபோது, அவள் வேலையில் இருந்ததையே நாடு அறியவில்லை.

நம் பங்குகளிலும் இதே போக்கு இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. திருவிழாக்களில் பீடத்தை அலங்கரித்த துகிலின் அழகைப் போற்றியவர் பலர். பின்னியவரின் பெயரைக் குறித்து வைத்தவர் சிலர். நன்கொடையாக வந்த மெழுகுத்திரித் தண்டில் கொடுத்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் முடிச்சிட்டவளின் பெயர் எங்கும் இராது. அவளது வேலை பக்தி என்று போற்றப்பட்டது, பக்திதான், ஐயமில்லை. ஆனால் பக்தி என்று சொல்லிவிட்டால் கணக்கு எழுத வேண்டியதில்லை என்ற எண்ணம் நீதிக்கு ஒவ்வாதது. வேலையாள் தன் கூலிக்கு உரிமை உடையவர் என்பது நற்செய்தியின் படிப்பினை. அதில் பொன் வேலைக்கு ஒரு நீதி, நூல் வேலைக்கு ஒரு நீதி என்ற வேறுபாடு இல்லை.

செய்யத் தக்கவை

பொன்னின் விலை உயர்ந்துவரும் இந்நாளில் வீட்டிலுள்ள பழைய நகைகள் விரைவாக உருகிக்கொண்டிருக்கின்றன. ஆறு இலக்க அடையாள எண்ணுள்ள ஹால்மார்க் நகைகளை மட்டுமே கடைகள் விற்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. வாங்குவோருக்கு அது நல்ல காப்பு. ஆயினும் பழைய நகையை மாற்றிப் புதியது வாங்கிவிடுவோம் என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டிருக்கிறது. தேவைக்காக உருக்குவோரை நாம் குறை கூறவில்லை. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவுவதற்காகவே நம் முன்னோர் பொன்னைச் சேர்த்தனர். உருக்குவதற்கு முன் அவ்வணியை ஒரு நிழற்படம் எடுத்து, அணிந்தவர் பெயரையும், செய்த ஊரையும், அணியின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. பாம்படம் அணிந்த மூதாட்டியர் நம் ஊர்களில் இன்னும் ஒரு சிலரே இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டிய காலம் இதுவே.

உருக்கியபின் எஞ்சும் கல்லையும் மணியையும் குப்பையில் சேர்க்காமல் நூலில் ஏற்றலாம். தொண்டி முதல் பாம்பன் வரையுள்ள கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலத்தில் வருவாய் இன்றி இருக்கும் குடும்பங்கள் பல. முடிச்சு அறிந்த கைகள் அங்கே உள்ளன. பங்குகளில் இயங்கும் மகளிர் குழுக்கள் இக்கலையைக் கற்பித்தால் அவர்களுக்குச் சிறு வருவாய் கிடைக்கும். கற்பிக்கும்போதே ஒரு பழக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒவ்வொரு அணிக்கும் சீட்டு எழுதுக: நூலின் விலை இவ்வளவு, மணியின் விலை இவ்வளவு, பின்னிய மணிநேரம் இவ்வளவு, அதற்குரிய செய்கூலி இவ்வளவு. வாங்குவோர் பேரம் பேசட்டும். பேசினால் அந்த உழைப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று பொருள். நன்கொடையாகக் கோயிலுக்குப் பின்னிக் கொடுத்தாலும் அச்சீட்டு பங்கின் பதிவேட்டில் இருக்கட்டும். செய்கூலியைப் பெற்றுக்கொள்வதும் விட்டுக்கொடுப்பதும் பின்னியவரின் உரிமை.

நாகர்கோவில் விடுதியில் லேஸ் பின்னித் தன்னை மீட்டுக்கொண்ட பெண்ணுக்குத் தன் கைவேலையின் விலை தெரிந்திருந்தது. அது தெரியாமல் இருந்திருந்தால் அவள் மீண்டிருக்க இயலாது. அந்த அறிவை நம் பெண்மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பது, இழைக்கும் பணிக்கும் மொழி தந்த பழைய பொருளை வாழ்க்கையிலும் மீட்பதாகும்.